வெயில் கூடும் காலத்தில் எந்த மரத்தை நடுவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஆடி பிறந்ததும் ஒரே கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து வரத் தொடங்கும். "மூணு ஏக்கர் தரிசா கெடக்குது சார். நாட்டு மரமா நட்டுடணும்னு ஆசை. ஆனா வெயில் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுதே, எங்க ஊரு மரம் இன்னும் நாப்பது வருஷம் தாங்குமா? பேசாம ராமநாதபுரம் பக்கத்து மரமா பாத்து வச்சிடட்டுமா?"

நியாயமான கேள்வி. நெல் என்றால் அடுத்த பட்டத்தில் ரகத்தை மாற்றிக்கொள்ளலாம். மரத்துக்கு அது முடியாது. இன்று வைக்கும் இலுப்பைக் கன்று நல்ல நிழல் மரமாக நிற்கும்போது 2050 தாண்டியிருக்கும். இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி கூடியிருப்பதாகப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. உலகம் புகையைக் குறைக்காமலே போனால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அது 4.4 டிகிரி வரை ஏறலாம் என்பதும் அதே அறிக்கையின் கணக்கு. கன்றாக இருக்கும்போது ஒரு வெயில், கிழமரமாகும்போது வேறொரு வெயில். இரண்டையும் அந்த ஒரே மரம்தான் தாங்க வேண்டும்.

நான் திண்டிவனத்துக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் பத்தாண்டுகளுக்கு மேலாக மரம் வளர்க்கிறேன். பிழைத்தது, செத்தது இரண்டையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## முதலில்: ஒரு மரத்தின் எல்லையை எது போடுகிறது?

பலர் இதை வெப்பத்தின் கணக்காக மட்டும் பார்க்கிறார்கள். குளிர் நாடுகளில் அது பெருமளவு சரி. அங்கே வெப்பம் கூடினால் மரங்கள் மெல்ல மெல்ல வடக்கே நகரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மேற்கு லார்ச் மரத்தை அதன் இயல்பான எல்லைக்கு வெளியே நடுவதற்கு 2010லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். நம் சமவெளியில் இந்தக் கணக்கு உதவாது. மே, ஜூனில் டெல்லி சென்னையைவிட அதிகமாகச் சுடுகிறது. வடக்கே போய்க் குளிர்ச்சி தேட நமக்கு வழியில்லை. மேலே ஏறினால்தான் குளிரும்: ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி.

சமவெளியில் எல்லைக்கோட்டைப் போடுவது தண்ணீர். முதுமலைக்குப் போனவர்களுக்கு இது புரியும். காட்டின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்கு 1,800 மி.மீ அளவு மழை. கிழக்கே மாயாறு பக்கம் 600, 700 மி.மீதான். இடையில் இருப்பது சில பத்துக் கிலோமீட்டர். அதற்குள் ஈரக்காடு தேக்கும் வெக்காலியும் நிற்கும் உலர்காடாகி, மசினகுடி தாண்டினால் முள்காடாகிவிடுகிறது. வெயிலில் பெரிய வித்தியாசம் கிடையாது, மழையில்தான். அங்கே இந்திய அறிவியல் கழகத்தார் 1988லிருந்து 50 ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டுவரை எண் போட்டு அளந்து வருகிறார்கள். வறட்சியும் தீயும் சேர்ந்து வரும் ஆண்டுகளில் அதிகம் சாவது சின்னத் தண்டுகள்தான். பெரிய மரம் நின்றுவிடும், ஆனால் அதன் பிள்ளைகள் வராது. ஓர் இனம் ஓரிடத்தைவிட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான், ஓசையில்லாமல்.

வெப்பம் கூடுவதன் கெடுதலும் தண்ணீர் வழியாகவே வருகிறது. சூடான காற்று இலையிலிருந்து அதிக நீரை உறிஞ்சும். மண்ணில் ஈரம் குறைந்துபோய், மேலே இழுப்பு கூடினால், தண்டுக்குள் வேரிலிருந்து இலைவரை ஓடும் நீரிழை நடுவில் அறுந்து காற்றுக்குமிழி புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன்பின் வேலை செய்யாது. கன்றுக்குக் குழாய்கள் கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் நாலைந்து வாரத்தில் கதை முடிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதல் மூன்று கோடையில் எத்தனை பிழைக்கும். 2060ன் வெயிலையும் தாறுமாறான மழையையும் மரம் தாங்குமா. புயலிலும் தேங்கிய நீரிலும் நிற்குமா. தண்ணீர், வேலி, ஆள் என்று செலவு எவ்வளவு. கடைசியாக, நம் கணிப்பு தப்பாகிப்போனால் என்ன சேதம்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் எதிர்கால மழையைப் பற்றி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 2016ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. மரத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் எதிர்காலம்.

## வழி 1: நம் ஊர் மரம், நம் ஊர் விதை

எது நம் ஊர் மரம் என்று தெரிந்துகொள்ளக் கோயில்காட்டுக்குப் போங்கள். எங்கள் பக்கம் மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டுக் காடு இருக்கிறது. வீரை, காசா, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை என்று ஆறு மாத வறட்சியிலும் இலை உதிர்க்காத மரங்கள். இலை சிறிதாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். கடற்கரை ஓரத்து இந்த வறண்ட பசுமைமாறாக் காடு தலைமுறை தலைமுறையாகப் புயலையும் பஞ்சத்தையும் பார்த்தே வளர்ந்தது. கோயில்காடு இல்லாத ஊரில் தலமரத்தையும் ஊர்ப்பெயரையும் பாருங்கள். இலுப்பூர், மருதூர், வேப்பூர் என்று பெயரிலேயே குறிப்பு இருக்கும்.

ஆனால் அந்தக் குறிப்பை அப்படியே நம்பக் கூடாது. சிதம்பரத்தின் தலமரம் தில்லை. ஊரின் பழைய பெயரே தில்லைதான். இன்று அந்த மரத்தைப் பார்க்கக் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிக்குப் போக வேண்டும். அது சேற்றிலும் உவர்நீரிலும் வாழும் மரம். நீரும் உப்பும் விலகிய இடத்தில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. 

இந்த வழியின் பெரிய பலம், தப்பாகிப்போனாலும் சேதம் இல்லை என்பது. பூச்சி, பறவை, மண்ணின் பூஞ்சை எல்லாவற்றுக்கும் பழகிய மரம். புயலிலும் இதைப் பார்த்தோம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது ஆரோவில்லில், முதல் தலைமுறையாக மண்ணைக் காக்க நட்ட ஆஸ்திரேலிய வேல மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்திருந்த நாட்டு மரங்கள்தான் பிறகு காட்டைத் தாங்கின. 2016ல் வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் கிடந்ததில் வெளிநாட்டிலிருந்து வந்த குல்மொகரும் தூங்குமூஞ்சியும் எத்தனை என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு விதையில் இருக்கிறது. "நம் ஊர் விதை" என்று சொல்லிக்கொண்டு சாலையோரத்து ஒரே வேப்பமரத்தடியில் கூட்டி அள்ளிய கொட்டையைத்தான் பெரும்பாலும் போடுகிறோம். 2016 ஆடியில் நான் நட்டவை அப்படிப்பட்டவை. ஒரு நாற்றங்காலில் வாங்கினேன். எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை, பார்க்க அழகாக இருந்தது. ஒரு தாயின் பிள்ளைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை வறண்டே போனது. அடுத்த வைகாசிக்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. செத்தவற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பை அடியில் ஆணிவேர் ஸ்பிரிங் போல மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் ஒரு சாண்கூட இறங்கவில்லை. பத்து மாதம் பையில் கிடந்த கன்றுக்கு வேறு வழியில்லை. அப்படி வேர் சுருண்ட கன்று பிழைத்துவிட்டாலும் ஏழெட்டு ஆண்டு கழித்து ஒரு புயலில் அடியோடு சாயும்.

ஆகவே விதையைக் குறைந்தது 20, 30 தாய் மரங்களிலிருந்து எடுங்கள், ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வேம்பு, நாவல், இலுப்பை விதைகள் காத்திருக்காது. இரண்டு மூன்று வாரத்துக்குள் போட வேண்டும். பையில் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நடும்போது பையைக் கிழித்து, சுற்றிய வேரைக் கத்தியால் நறுக்கிவிடுங்கள்.

இந்த வழி பொருந்துவது: ஆண்டுக்கு 900 மி.மீக்கு மேல் மழை உள்ள, மண் ஆழமான, அக்கம்பக்கத்தில் பழைய மரங்கள் இன்னும் காய்க்கும் ஊர்களுக்கு. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் என்றால் யோசிக்கவே வேண்டாம். மருதம், புங்கன், நாவல் போதும்.

## வழி 2: நம் ஊர் மரம், வறண்ட ஊர் விதை

வேம்பு கடலூரிலும் இருக்கிறது, சாயல்குடியிலும் இருக்கிறது. பெயர் ஒன்றுதான். ஆனால் 1,200 மி.மீ மழையில் தலைமுறைகளாக வளர்ந்த வேம்பும், அதில் பாதியை ஒட்டிய மழையில் தாக்குப்பிடித்த வேம்பும் உள்ளுக்குள் ஒன்றல்ல. எவ்வளவு சீக்கிரம் இலைத்துளையை மூடும், வேரை எவ்வளவு ஆழம் அனுப்பும், எப்போது இலை உதிர்க்கும் என்பதெல்லாம் விதையோடு வருகிற குணங்கள். மரவியலார் இதற்காகவே பல ஊர் விதைகளை ஒரே வயலில் நட்டுப் பார்க்கிறார்கள். தேக்கிலும் வேம்பிலும் இப்படி நாடுகடந்த சோதனைகள் நடந்திருக்கின்றன.

சமவெளிக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்வது இந்த வழிதான், ஒரு நிபந்தனையோடு: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உள்ளூர் விதையோடு கலந்து நடுங்கள். இரண்டும் பூத்து, தேனீ இங்குமங்கும் போய்வந்தால், அடுத்த தலைமுறையில் இரண்டின் குணமும் கலந்த பிள்ளைகள் முளைக்கும். எது தாங்கும் என்பதை 2060ன் வெயில் பொறுக்கி எடுக்கட்டும். நாம் செய்யக்கூடியது அது பொறுக்கிக்கொள்ளப் பலவகைக் கன்றுகளை வைப்பது மட்டும்தான்.

செலவு? பயணம்தான். சிவகங்கை, ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் ஆனி, ஆடியில் வேம்பு பழுக்கும் நேரத்தில் போய்வர வேண்டும். வேறு சில சிக்கல்களும் உண்டு. வறண்ட ஊர் மரம் பெரும்பாலும் மெதுவாக, குட்டையாக, கோணலாக வளரும். நேரான தடி எதிர்பார்த்து வைத்தால் ஏமாற்றம். பூக்கும் காலம் முன்பின்னாகலாம். கன்றாக வாங்கி வராதீர்கள். மண்ணோடு நோயும் ஏறிக்கொண்டு வரும். வேம்பின் கிளைநுனியைக் கருக்கும் பூஞ்சை நோய் தென் மாநிலங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். விதையாக, கழுவி, நிழலில் உலர்த்திக் கொண்டு வாருங்கள்.

யாருக்குப் பொருந்தாது என்றால், கோயில்காட்டை ஒட்டி நிலம் உள்ளவர்களுக்கு. பல நூற்றாண்டு கலப்பில்லாமல் நின்ற மரக்கூட்டத்தின் பக்கத்தில் வெளியூர் விதையைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே முதல் வழியே சரி.

## வழி 3: வறண்ட நிலத்து மரத்தையே கொண்டுவருவது

ராமநாதபுரத்து உடை மரம், சேலம் தர்மபுரிப் பக்கத்து ஆச்சா, உசில், வெள்வேல், வன்னி. எல்லாம் நம் மண்ணின் மரங்கள்தான், உங்கள் ஊருக்கு மட்டும் புதிதாக இருக்கலாம். வன்னியை அப்படியும் சொல்ல முடியாது. அது விருத்தாசலத்தில் தலமரமாகவே நிற்கிறது.

புதிது, பழையது என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்கோடு இல்லை. திண்டிவனம் என்றாலே புளியங்காடு என்றுதான் பொருள் சொல்வார்கள். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அது எப்போது வந்தது என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் சிரிப்பார்கள். எனவே இன்னொரு மாவட்டத்து மரத்தை நடுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை.

பயம் வேறு. வறட்சி தாங்கும் என்ற ஒரே குணத்தைப் பார்த்து, விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பப்பட்ட ஒரு மரத்தை நாம் எல்லோரும் அறிவோம். சீமைக்கருவேலம் வந்த இடத்தில் வேறு எதுவும் எழவில்லை. உடையும் வன்னியும் அப்படிச் செய்யும் மரங்கள் அல்ல. இருந்தாலும் ஒரு மரம் வாழ்வதற்குக் காரணமாக ஒரே ஒரு குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அது பாடம்.

இன்னொரு பக்கம், வருங்காலம் வறட்சி மட்டும் அல்ல. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை கொட்டியது. மாநிலத்திலேயே வறண்ட மாவட்டங்களில் ஒன்றில் ஆண்டு மழையைத் தாண்டிய மழை. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலில் எங்கள் மயிலத்தில் ஒரு நாளில் அரை மீட்டர் அளவுக்குப் பெய்தது. நான் ஆச்சாவை இரண்டு இடங்களில் விதைத்திருந்தேன். மேட்டில் ஒரு வரிசை, தாழ்வில் ஒரு வரிசை. தாழ்வில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபின் கன்றுகள் பச்சையாகத்தான் இருந்தன, மகிழ்ந்தேன். மார்கழி நடுவில் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. பிடுங்கினால் வேர்ப்பட்டை கையோடு உருவிக்கொண்டு வந்தது. மேட்டு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாழ்வில் பக்கத்திலேயே நின்ற நாவல் ஒரு இலைகூட உதிர்க்கவில்லை.

ஆகவே இதை மேட்டுக்கு, சரளை மண்ணுக்கு, பாறை ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு போதும். ஆச்சாவை நாற்றாக நடாதீர்கள். அது முளைத்த முதல் ஆண்டுகளில் வேரைத்தான் கீழே அனுப்பும், பையில் அந்த வேர் கெட்டுவிடும். குழியில் நேராக விதையைப் போடுவதே நல்லது. உசில், வெள்வேல் விதைகளைச் சுடுதண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் முளைக்கும்.

600, 700 மி.மீ மழையும் ஒரு முழம் மண்ணும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இந்த வழி முதல் தேர்வாகவே ஆகலாம். ஆனால் அங்கே இவை பெரும்பாலும் வெளியூர் மரமாக இருக்காது, மறந்துபோன உள்ளூர் மரமாகத்தான் இருக்கும்.

## வழி 4: நடாமல் விடுவது

வேலி போடுங்கள், ஆட்டை நிறுத்துங்கள், தீ வராமல் பாருங்கள், காத்திருங்கள். அவ்வளவுதான் இந்த வழி. யாருக்கும் பிடிப்பதில்லை. "தரிசாப் போட்டிருக்கான்" என்று ஊர் சொல்லும். எனக்கும் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை.

என் நிலத்தின் தெற்கு மூலையில் விரல்நீளச் செடிகள் ஆங்காங்கே இருந்தன. நுணா, உசில். எல்லாம் முடங்கி, முனை கடிபட்டு, காய்ந்ததுபோல இருக்கும். அவற்றைக் கொத்தி எறிந்துவிட்டுக் குழி போடலாம் என்று மண்வெட்டியைத் தூக்கினேன். வழக்கமாக அங்கே ஆடு மேய்க்கும் ஆயா வந்து நிறுத்தினார். "அது செத்த வேரு இல்ல தம்பி. மரம் அடியிலதான் கெடக்குது. நாங்க ஆடு விட்டா மேல எப்படி வரும்?" ஒன்றைத் தோண்டிக் காட்டினார். மேலே ஒரு சாண் செடி. கீழே மணிக்கட்டுப் பருமன் வேர், எத்தனை ஆண்டு வயதோ தெரியாது. அவரே அந்த மூலையில் ஆடு விடுவதை நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு கட்டையிலும் நல்லதாக ஒரு தளிரை விட்டு மற்றதைக் கழித்தேன். மூன்றாம் ஆண்டில் அந்த உசில்கள் என் தலைக்கு மேல். அதே ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுகள் இடுப்பளவு.

காரணம் எளிது. கன்றைச் சாகடிக்கும் முதல் மூன்று கோடையை அந்த வேர் எப்போதோ தாண்டிவிட்டது. முளைத்த இடத்தையும் அதுவே தேர்ந்தெடுத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980களிலிருந்து உழவர்கள் செய்தது இதைத்தான். வயலில் புதைந்திருந்த வேர்க்கட்டைகளைக் காத்து, சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. நம் பக்கம் காங்கேயத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், நடுவில் வெள்வேல். யாரும் குழி தோண்டி நட்டதில்லை. மாடும் ஆடும் காயைத் தின்று, சாணியோடு விழுந்த விதை முளைத்தது.

பறவையும் நடும். பனைக்கு அடியில் பாருங்கள், காரை, சூரை, வேம்பு, ஆல் என்று கூட்டமாக முளைத்திருக்கும். அது சின்னானும் குயிலும் உட்கார்ந்து போட்டது.

செலவை ஒப்பிட்டால் இதன் பக்கம் நியாயம் கூடும். நாலு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 250 கன்று. வாரம் 15 லிட்டர், கோடைக்கு 16 வாரம், மூன்று கோடை என்றால் 1,80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 15 நடை. தானாக முளைத்ததற்கு ஒரு நடையும் வேண்டாம். 

ஆனால் சும்மா இருக்கும் வேலை இது என்று நினைத்தால் நிலம் சீமைக்கருவேலமாகிவிடும். மழை முடிந்ததும் ஆண்டுக்கு இரண்டு முறை சுற்றி வந்து, பென்சில் பருமனாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். மாசியில் வேலியோரம் புல்லைக் கழித்துத் தீத்தடுப்புப் பட்டை போட வேண்டும். அக்கம்பக்கத்தில் தாய் மரமே இல்லாத இடத்தில், ஆண்டாண்டாக டிராக்டர் ஓட்டி வேரெல்லாம் அறுந்த நிலத்தில் இந்த வழி பலிக்காது. வீரை, உலக்கைப்பாலை போன்றவை தானாக வர எத்தனையோ காலம் ஆகும். அவற்றை நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

## ஒரு பார்வைக்கு

| | முதல் 3 கோடை | 2060ன் வெயில் | வெள்ளம், புயல் | செலவு | கணிப்பு தப்பினால் |
|---|---|---|---|---|---|
| 1. உள்ளூர் மரம், உள்ளூர் விதை | தண்ணீர் ஊற்றினால் சரி | பலதாய் விதை என்றால் ஓரளவு | நல்லது | நடுத்தரம் | சேதம் இல்லை |
| 2. உள்ளூர் மரம், வறண்ட ஊர் விதை | கொஞ்சம் மேல் | நல்லது | நல்லது | பயணம் கூடுதல் | குறைவு |
| 3. வறண்ட நிலத்து மரம் | மேட்டில் மிக நன்று | வறட்சிக்கு நன்று | தாழ்வில் மோசம் | குறைவு | இடத்தைப் பொறுத்தது |
| 4. நடாமல் விடுதல் | வேர்க்கட்டை இருந்தால் மிக நன்று | நல்லது | நல்லது | வேலி, ஆள் | சேதம் இல்லை |

## மலைக்காரர்களுக்கு வேறு கணக்கு

நீலகிரி, பழனி மலைகளில் நிலம் உள்ளவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வெப்பமே எல்லைக்கோடு போடுகிறது. குறிப்பாக மார்கழி, தை உறைபனி. சோலை (மலையின் பசுமைமாறாக் காடு) மரங்களின் கன்று திறந்த புல்வெளியில் முளைத்தால் உறைபனியில் கருகிவிடும். அதனால்தான் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்ற அமைப்பு. காட்டுப் பூவரசு மட்டும் பனியைத் தாங்கிப் புல்வெளி நடுவில் சிவப்பாகப் பூத்து நிற்கும்.

இந்தக் கோடு முன்பும் நகர்ந்திருக்கிறது. நீலகிரிச் சதுப்புகளின் அடிமண்ணை ஆராய்ந்து சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993ல் வெளியிட்ட ஆய்வில், பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல் விரிந்ததும், பின்பு ஈரம் கூடியபோது மரங்கள் முன்னேறியதும் தெரியவந்தது. அப்போது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கிடைத்தன. இப்போது அந்த அவகாசம் இல்லை, மேலே இடமும் இல்லை. உதகை 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இடையில் 400 மீட்டர், வெப்பத்தில் சொன்னால் இரண்டரை டிகிரி. அதற்கு மேல் சூடானால் உதகையின் இன்றைய குளிரைத் தேடி ஏற மலையே கிடையாது.

ஆகவே மலையில் மூன்றாம் வழியைத் தொடாதீர்கள். கீழ்மலை மரங்களை மேலே கொண்டுவந்து வைப்பது, இருக்கும் கொஞ்சம் இடத்தையும் சோலை மரங்களிடமிருந்து பறிப்பதாகும். புல்வெளியில் எந்த மரத்தையும் நடாதீர்கள், நாட்டு மரமானாலும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சீகை (வாட்டில் மரம்) நிற்கும் நிலமாக இருந்தால் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காதீர்கள். பல இடங்களில் அதன் நிழலில் பனி படாமல் சோலைக் கன்றுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்து, அவற்றின் தலைக்குமேல் உள்ள சீகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துத் திறந்துவிடுங்கள். கன்றே இல்லாத இடத்தில் மட்டும் அதே பள்ளத்தாக்கின் சோலை விதை, முடிந்தால் இருநூறு முந்நூறு மீட்டர் கீழே உள்ள சோலையின் விதையையும் கலந்து.

## சரி, அந்த மூன்று ஏக்கருக்கு?

முதல் ஆண்டு குழி தோண்ட வேண்டாம். காசை வேலியில் போடுங்கள். கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) ஆடிக்கு முன் ஊன்றினால் கம்பி செலவும் குறையும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பாருங்கள்: எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தக் கட்டை தளிர்க்கிறது, எந்தப் பனைக்கு அடியில் என்ன முளைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

இரண்டாம் ஆண்டில் குச்சி இல்லாத இடங்கள்தான் நடும் இடங்கள். தாழ்வில் மருதம், நாவல், புங்கன், உள்ளூர் விதையில். நடுநிலத்தில் வேம்பு, இலுப்பை, வீரை, உலக்கைப்பாலை. வேம்பிலும் இலுப்பையிலும் மூன்றில் ஒரு பங்கு வறண்ட ஊர் விதையாக இருக்கட்டும். எந்த இனமும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், வேம்பு உட்பட. மேட்டு ஓரத்தில் ஆச்சாவும் உசிலும் விதையாக. எந்த விதை எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருபது ஆண்டு கழித்து எது நின்றது, எது போனது என்று பார்க்கிறவருக்கு அந்த நோட்டு வேண்டும்.

சந்தேகம் வந்தால் கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரியும் இருக்கின்றன. விதை பற்றிக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் நிலத்தில் ஆடு மேய்க்கிறவரோடு ஒரு நாள் நடந்து பாருங்கள், மண்வெட்டி இல்லாமல்.